கப்பலுக்குக் கீழே கிடக்கும் மண்

விண்கப்பல் மாடலில் யாரும் தப்புக் கண்டுபிடிப்பதில்லை. பெட்டியில் சட்டம் சட்டமாக வரும் பிளாஸ்டிக் பாகங்களை நறுக்கி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஒட்டி, சாயம் பூசி மேசையில் வைத்தால், காற்றே இல்லாத வெளியில் இதற்கு இறக்கை எதற்கு என்று கேட்க ஆள் வராது. கற்பனைதானே என்று விட்டுவிடுவார்கள். அதே கப்பலை ஒரு தட்டு மண்ணின்மேல் இறக்கி வைத்தால் கதை மாறிவிடுகிறது. பார்க்கிறவரின் கண் கப்பலை விட்டுத் தரைக்கு இறங்குகிறது. கல் பெரிதாகத் தெரிகிறதே, தடம் இவ்வளவுதான் பதியுமா, இது நம்ம ஏரிக்கரை மண் மாதிரி இருக்கிறதே என்று சந்தேகங்கள் வரிசை கட்டுகின்றன. முழுப்பொய்யான இயந்திரம் நம்பப்படுகிறது. உண்மையான மண் மாட்டிக்கொள்கிறது. அறிவியல் புனைவு மாடல்களுக்கு அடித்தளம் செய்கிறவர்களை, அவர்கள் வாயில் 'பேஸ்', விடாமல் உறுத்துவது இதுதான்.

இந்த உறுத்தலைச் சந்தவாசலில் வைத்து யோசித்துப் பார்ப்பதில் ஒரு பொருத்தம் இருக்கிறது. வேலூரிலிருந்து திருவண்ணாமலை போகும் பேருந்து கண்ணமங்கலம் தாண்டி, போளூர் வருவதற்கு முன்னால் நிற்கும் ஊர். படவேட்டு ரேணுகாம்பாளைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கே இறங்கித் திரும்புவார்கள். ஆடி மாதத்தில் மஞ்சள் புடவைகளால் சாலை நிறைந்துவிடும். மேற்கே ஜவ்வாது மலை. இந்த ஊரில் ஒருவர் மாடல் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கிட் அவருக்குச் சல்லிசாகக் கிடைக்காது. ஜப்பானிலிருந்தோ ஐரோப்பாவிலிருந்தோ கடல் தாண்டி வரவேண்டும். பொம்மைகளுக்கான இறக்குமதி வரி 2020இல் 20 சதவீதத்திலிருந்து 60க்கும், 2023இல் 70க்கும் ஏறியது. பேஸுக்கு வேண்டியதோ காலடியில் கிடக்கிறது. மல்லாட்டைக் கொல்லையின் செம்மண், கமண்டல நதியின் மணல், ஏரி வற்றினால் ஓடு ஓடாகப் பெயரும் வண்டல், ஜல்லி உடைக்கும் இடத்துக் கிரஷர் தூள், மலையடிவாரத்தில் உதிர்ந்து கிடக்கும் கருங்கல் சில்லு. செவ்வாய், நிலா, பெயரே இல்லாத இன்னொரு கிரகம், மூன்றும் ஒரு சைக்கிள் தூரத்தில்.

ஆனால் மண்ணை அள்ளி அப்படியே கொட்டிவிட முடியாது. வெயிலில் காயவைத்து, இரும்புச் சட்டியில் வறுத்து எடுக்கவேண்டும். இல்லாவிட்டால் சில வாரங்களில் அந்த வேற்றுக் கிரகத்தில் புல் முளைக்கும், பூஞ்சை பூக்கும். பிறகு சலிப்பது: மாவுச் சல்லடையில் ஒரு தடவை, டீ வடிகட்டியில் ஒரு தடவை, கடைசியில் பழைய வேட்டித் துணியில் கட்டித் தட்டி எடுக்கும் பொடி தனி. பிளைவுட் பலகைமேல் தெர்மாகோலை அடுக்கி, மேடு பள்ளம் செதுக்கி, அதன்மேல் பிளாஸ்டர் பூசுகிறார்கள். ஸ்பிரே பெயிண்ட்டை நேராகத் தெர்மாகோலில் அடித்தால் அதிலுள்ள கரைப்பான் தெர்மாகோலைத் தின்றுவிடும். அவசரக்காரரின் மலை ஐந்து நிமிடத்தில் குழியாகிவிடும். பிளாஸ்டர் காய்ந்த பிறகு தண்ணீர் கலந்த ஃபெவிகாலைத் தடவி, வடிகட்டியிலிருந்து மண்ணைத் தூவவேண்டும். அந்தக் கலவையில் பாத்திரம் தேய்க்கும் சோப்பு ஒரு சொட்டு சேர்த்தால்தான் அது மண்ணுக்குள் இறங்கும். சேர்க்காவிட்டால் மணிமணியாக மேலேயே உருளும். ஒரு வேடிக்கை இதற்கு அப்புறம் வருகிறது. பசை குடித்த மண் காய்ந்தாலும் பழைய நிறத்துக்குத் திரும்புவதில்லை, ஒரு படி இருண்டே நிற்கிறது. ஆகவே செம்மண்ணுக்குச் செம்மண் நிறத்தில் சாயம் பூசவேண்டியிருக்கிறது. பூசி, நீர்த்த கறுப்பை மடிப்புகளில் ஓடவிட்டு, தூரிகையைக் கிட்டத்தட்ட உலரத் துடைத்துவிட்டு மேடுகளின் முகட்டில் மட்டும் வெளிர் நிறம் தடவினால், மண் மறுபடி மண் போலத் தெரிகிறது.

அளவுதான் அடுத்த தொல்லை. 1/72 மாடலின் பக்கத்தில் கிடக்கும் 1 மில்லிமீட்டர் மணல், கதைக்குள் 7.2 சென்டிமீட்டர் கல். 1/144 என்றால் 14.4 சென்டிமீட்டர். 1/1000 அளவில் வரும் 'ஸ்டார் ட்ரெக்' தொடரின் எண்டர்பிரைஸ் கப்பலைத் தரையில் நிறுத்த யாராவது ஆசைப்பட்டால், ஒவ்வொரு மணலும் ஒரு மீட்டர்ப் பாறை. நிலவின் தூசி சராசரியாக ஒரு மில்லிமீட்டரில் பதினைந்தில் ஒரு பங்கு பருமன். அதை 1/48 அளவுக்குக் குறைக்கப் போனால் சிமெண்டைவிட நைசான பொடி வேண்டும். அப்படி ஒன்று கிடைத்தாலும் அது தூசி போல நடந்துகொள்ளாது, பூச்சு போல ஒட்டிக்கொள்ளும். தண்ணீரும் தூசியும் நெருப்பும் எந்த ஸ்கேலுக்கும் பணியமாட்டா என்பது இந்தத் தொழிலில் பழம்பாடம். எடையும் அப்படியே. மாடல் கால் கிலோகூட இருக்காது. கதைப்படி அது அறுபது டன். அந்த அறுபது டன்னைக் கப்பலில் காட்ட வழியே இல்லை, தரையில்தான் காட்டவேண்டும். ஆகவே அரைகுறையாக இறுகிய கலவையில் இயந்திரத்தின் பாதத்தைப் பதித்து, விளிம்பில் மண் பிதுங்கி எழுந்ததையும், எழுந்தது வெடித்து உதிர்ந்ததையும் பல்குச்சியால் செய்கிறார்கள். ஜப்பானியக் கலைஞர் கோ யோகோயாமா 1982இல் 'ஹாபி ஜப்பான்' இதழில் தொடங்கிய எஸ்எஃப்3டி உலகத்தின் கவச உடைகள் 1/20 அளவில் கனமாகத் தெரிவதற்கு, அவற்றின்மேல் ஏறியிருக்கும் சேறும் துருவும் பாதிக் காரணம். இயந்திரம் எதிர்காலம், அழுக்கு இரண்டாம் உலகப் போர்.

இந்தத் தொல்லை வேண்டாம் என்கிறவர்களுக்கு ஒரு சுலப வழி உண்டு. ஒரு கம்பி நட்டு, அதன் நுனியில் கப்பலைப் பறக்கவிடலாம். நம்மூர்ச் சிற்பிகளுக்குத் தெரியாத வழியில்லை அது. சுவாமிமலையில் வார்க்கும் வெண்கலத் திருமேனிக்குக் கீழே இருக்கும் தாமரைப் பீடம், இவர் இந்தத் தரையில் நிற்பவரல்லர் என்று சொல்லிவிடுகிறது. நடராஜரின் காலடியில் முயலகன் கிடக்கிறான், முயலகனுக்கும் கீழே தாமரைதான். பீடம் வைத்துவிட்டால் எந்த ஊர், என்ன காலம், மழையா வெயிலா என்ற கேள்விக்கெல்லாம் பதில் சொல்லவேண்டியதில்லை. படவேட்டில் கதை நேர்மாறானது. அங்கே மூலஸ்தானத்தில் அம்மனின் சிரசு. சுயம்பு என்று வணங்குகிறார்கள். மண்ணிலிருந்து தானாக வந்தது என்பதே அதன் பெருமை. மாடல் கட்டுகிறவர் முன்னாலும் இந்த இரண்டும்தான் இருக்கின்றன: பீடமா, தரையா. பீடம் கப்பலைக் காட்டும். தரை, கப்பல் ஒரு நாள் ஓர் இடத்துக்கு வந்ததைச் சொல்லும். இரண்டாவதில்தான் பொய்சாட்சி சொல்லும் ஆபத்து.

பண்டாய் நிறுவனம் ஸ்டார் வார்ஸ் படங்களின் 1/72 எக்ஸ்-விங் கிட்டோடு டெத் ஸ்டார் மேற்பரப்பின் ஒரு துண்டையும் பெட்டியில் போட்டுக் கொடுத்தது. பார்க்க அழகான துண்டு. ஆனால் அது நழுவல். இயந்திரத்தின்மேல் இன்னொரு இயந்திரம். இரண்டும் கற்பனை, யாரும் அளந்து பார்க்க முடியாது. இரும்புத் தளம், உலோகக் கிராதி, ஹேங்கர் தரை என்று அறிவியல் புனைவு பேஸ்களில் பெரும்பகுதி இப்படித்தான் இருக்கிறது. சிரமமில்லாமல் செய்யலாம், நேர்த்தியாகவும் இருக்கும். மண்ணைத் தொடாதவரை ஒரு வம்பும் இல்லை.

மண்ணைத் தொட்டு மாட்டிக்கொண்டவர்களில் பெரிய ஆட்கள் உண்டு. ஜார்ஜ் பால் தயாரித்து 1950இல் வந்த 'டெஸ்டினேஷன் மூன்' படத்துக்கு வானியல் ஓவியர் செஸ்லி போன்ஸ்டெல் ஆலோசகர். கதையில் எழுத்தாளர் ராபர்ட் ஹைன்லைனுக்கும் கை உண்டு. அன்றைய அறிவுக்கு எட்டியவரை எல்லாம் சரியாக இருக்கவேண்டும் என்று பிடிவாதம் பிடித்த கூட்டம். ஸ்டுடியோவுக்குள் நிலா போட்டபோது கலை இயக்குநர் எர்ன்ஸ்ட் ஃபெக்டே தரை முழுக்க வெடிப்பு வெடிப்பாகச் செய்துவிட்டார், கோடையில் காய்ந்த ஏரி மாதிரி. காரணம் இருந்தது: முன்னால் பெரிய வெடிப்பு, பின்னால் போகப்போகச் சின்ன வெடிப்பு என்று அமைத்தால், சின்ன அரங்கம் மைல் கணக்கில் நீண்டு தெரியும். போன்ஸ்டெல்லுக்கு அது ஆகவேயில்லை. சேறு காய்ந்தால்தான் வெடிக்கும். நிலாவில் சேற்றுக்குத் தண்ணீர் ஏது? ஆனால் போன்ஸ்டெல் தன் கையால் வரைந்த நிலவு மலைகளும் ஊசி ஊசியாகக் குத்திட்டு நின்றவைதான். அப்போலோ படங்கள் வந்தபோது அந்த மலைகள் உருண்டு தேய்ந்த குன்றுகளாக இருந்தன. வெடிப்பைப் பிடித்தவரும் வேறோரிடத்தில் பிடிபட்டார். சந்தவாசல் ஏரியின் வண்டல் ஓட்டைப் பெயர்த்துவந்து வேற்றுக் கிரகம் செய்ய நினைக்கிறவர் இந்தக் கதையைத் தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. அந்த ஓடு பார்க்க எவ்வளவு அந்நியமாக இருந்தாலும், இங்கே ஒரு காலத்தில் தண்ணீர் நின்றது என்று உளறிவிடும்.

1956இலிருந்து இலங்கையில் குடியிருந்த ஆர்தர் சி. கிளார்க்கும் நிலாத் தரையில் இடறியவர்தான். 1961இல் வெளியான அவருடைய 'எ ஃபால் ஆஃப் மூன்டஸ்ட்' நாவலில் தூசிக் கடல் ஒன்று பயணிகளோடு ஒரு படகையே விழுங்குகிறது. தாமஸ் கோல்டு என்ற வானியலாளர் நிலவில் ஆழமான தூசி இருக்கலாம் என்று அப்போது சொல்லிக்கொண்டிருந்தார். 1966இல் லூனா 9, சர்வேயர் 1 என்ற கலங்கள் நிலவில் இறங்கி, மூழ்காமல் நின்றன. நாவல் அதனால் செத்துவிடவில்லை, இன்றும் விறுவிறுப்பாகவே படிக்க முடிகிறது. எழுத்துக்கு இருக்கும் இந்தச் சலுகை பேஸுக்கு ஏன் இல்லை? வாசகன் கிளார்க்கின் தூசியைக் கண்ணால் பார்க்கவில்லை, தன் மனதில் செய்துகொள்கிறான் என்று ஒரு சமாதானம் சொல்லலாம். அது முழுப் பதிலாகப் படவில்லை. தரை என்பது எல்லோரும் பிறந்ததிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது. விண்கப்பல் விஷயத்தில் எல்லோரும் கற்றுக்குட்டி. மண் விஷயத்தில் வெறுங்காலில் நடந்த யாவரும் நிபுணர்.

அப்படிச் சொல்லும்போதே கொலு குறுக்கே வந்து நிற்கிறது. நவராத்திரிக்குப் படி கட்டி, படிக்குக் கீழே 'பார்க்' போடுகிற பழக்கம் தமிழ் வீடுகளில் எத்தனை தலைமுறையாக இருக்கிறது. தாம்பாளத்தில் மணல் பரப்பி, நாலு நாளைக்கு முன்பே கடுகும் கேழ்வரகும் தூவி வயல் முளைக்கவைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியைக் குளமாக்கி, செய்தித்தாளைக் கசக்கிக் கஞ்சி தடவி மலை நிறுத்தி, மலைமேல் பழனியாண்டியை ஏற்றுகிறவர்கள், டயோரமா என்ற பெயரைக் கேள்விப்படாமலே அதைச் செய்கிறவர்கள். அந்தப் பார்க்கில் ஸ்கேல் என்ற பேச்சே கிடையாது. மளிகைக்கடைச் செட்டியாரின் தொப்பைக்குப் பின்னால் கோபுரம் மறைந்துவிடும். மரப்பாச்சி ஜோடிக்கு முன்னால் கிரிக்கெட் செட்டின் ஆட்டக்காரர்கள் எறும்பு. கடுகுச் செடியே தென்னையைவிட உயரம். பார்க்க வருகிற மாமிகளில் ஒருவர்கூட இதைக் குற்றமாகச் சொன்னதில்லை. சுண்டலை வாங்கிக்கொண்டு, "மலை ரொம்ப நன்னா வந்திருக்கு" என்பார்கள். சந்திரயான் இறங்கிய 2023இல் பல வீட்டுப் பார்க்குகளில் நிலாவும் வந்துவிட்டது, வெள்ளைக் கோலமாவில் குழிகளோடு. அந்த நிலாவையும் எவரும் அளந்து பார்க்கவில்லை.

ஆக, பார்க்கிற கண்ணில் குறையில்லை. கொலுவில் அது எதையும் மன்னிக்கிறது. அங்கே எல்லா உருவங்களும் அருள் பெற்றே வந்து உட்கார்ந்திருக்கின்றன, நிஜம் என்று எதுவும் உரிமை கொண்டாடவில்லை. மாடல்காரர் உரிமை கொண்டாடுகிறார். துரு, கசிந்த எண்ணெய், உதிர்ந்த சாயம் என்று ஒவ்வொன்றிலும் 'இது நடந்தது' என்று சொல்லிவிட்டுத் தரைக்கு மட்டும் சலுகை கேட்டால் எப்படி? அவர் கேட்ட கண்டிப்புதான் அவர் தலையில் விழுகிறது. இந்தக் கண்டிப்பு ஒரு வகைக் கிறுக்கு என்று கொலுக்காரர்கள் நினைத்தால் அதிலும் நியாயம் உண்டு.

தமிழ்நாட்டு மண்ணில் செய்த மிகப் பெரிய வேற்றுலகத் தரை, மாடல்காரர்கள் செய்ததில்லை. நிலவின் மேட்டுப்பகுதிகள் வெளிறித் தெரிவதற்குக் காரணமான அனார்த்தசைட் என்ற பாறை, நாமக்கல் மாவட்டத்தில் சித்தம்பூண்டி, குன்னமலை ஆகிய ஊர்ப் பக்கம் தரைக்கு மேலேயே கிடக்கிறது. சுமார் 250 கோடி ஆண்டுப் பழைய பாறை. நிலவில் ஒரு வண்டியை ஓட்டப் பழகவேண்டிய இஸ்ரோவுக்கு நிலவு மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தின் புவியமைப்பியல் துறையினர் இந்தப் பாறையைக் காட்ட, அதை வெட்டி, உடைத்து, அரைத்து, பருமன் வாரியாகப் பிரித்து, பெங்களூருவில் நிலாத் தரைச் சோதனைக்கூடம் அமைத்தார்கள். இந்த மண் தயாரிக்கும் முறைக்கு 2020இல் காப்புரிமை கிடைத்தது. ஆற்று மணல் இங்கே உதவாது. தண்ணீரில் உருண்ட மணலுக்கு மூலை மழுங்கியிருக்கும். காற்றும் மழையும் இல்லாத நிலவின் துகளுக்கோ விளிம்பெல்லாம் கூர். அரைத்துத்தான் அந்தக் கூர்மையைக் கொண்டுவர முடியும். இதில் மாடல்காரருக்கும் ஒரு செய்தி இருக்கிறது: நிலா பேஸுக்கு ஆற்று மணலைவிட, வீடு கட்டுகிறவர்கள் முகம் சுளித்துக்கொண்டு வாங்கும் எம்-சாண்டும் கிரஷர் தூளும் பொருத்தம்.

இஸ்ரோ அந்தத் தரையின்மேல் செய்ததெல்லாம் பேஸ் வேலையேதான், அளவு மட்டும் ஒன்றுக்கு ஒன்று. சூரிய வெளிச்சம் நிலவில் விழுகிற கோணத்திலும் கடுமையிலும் விளக்கு அமைத்தார்கள். ஈர்ப்பு ஆறில் ஒரு பங்கு என்பதால், ரோவரின் கனத்தைக் குறைக்க ஹீலியம் பலூன் கட்டித் தூக்கினார்கள். இறங்கும் கலத்தின் கண்களைச் சோதிக்க, கர்நாடகத்தின் சித்ரதுர்கா மாவட்டத்தில் செல்லகெரே பக்கம் நிலவுக் குழிகளை வெட்டிவைத்தார்கள். 1967இல் அமெரிக்கர்கள் அரிசோனாவின் ஃபிளாக்ஸ்டாஃப் அருகே, எரிமலைச் சாம்பல் வயலில் வெடி வைத்துக் குழிகள் பறித்து, நிலவின் ஒரு புகைப்படத்தை அப்படியே தரையில் படியெடுத்து, அப்போலோ வீரர்களை அதில் நடக்கவிட்டது போலத்தான். இவ்வளவு பழகியும் 1971 பிப்ரவரியில் அப்போலோ 14இன் ஷெப்பர்டும் மிட்செலும் கோன் குழியின் விளிம்பைத் தேடி ஏறிக் களைத்து, அதைக் காணாமலே திரும்பினார்கள். சில பத்து மீட்டர்கள்தான் பாக்கி இருந்தன என்று பிறகு தெரிந்தது. காற்றில்லாத இடத்தில் தூரத்து மேடும் பக்கத்து மேடும் ஒரே துல்லியமாகத் தெரியும். மரமில்லை, வீடில்லை, மங்கலில்லை. எது பெரிது, எது தொலைவு என்று கண்ணுக்குத் தெரியவில்லை. அசல் நிலாவிலேயே ஸ்கேல் குழம்புகிறது என்றால், பலகைமேல் நிலா செய்கிறவர் ஒரு விண்வெளி வீரரின் உருவத்தை ஓரமாக நிறுத்துவது அலங்காரத்துக்காக மட்டும் இருக்க முடியாது. நிலவில் மனிதன் இறங்கிய சூட்டோடு மோனோகிராம் நிறுவனம் கொண்டுவந்த 1/48 கிட்டில், குழி விழுந்த தரைத் தகட்டோடு வீரர்களும் கொடியும் சேர்ந்தே வந்தார்கள்.

சித்தம்பூண்டிப் பாறை கடைசியில் சரியாக நடித்ததா? 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான்-3 இறங்கி, 26 கிலோ எடையுள்ள பிரக்யான் ரோவர் வெளியே உருண்டு வந்தது. அதன் பின்சக்கரங்களில் அசோகச் சின்னமும் இஸ்ரோவின் சின்னமும் பொறிக்கப்பட்டிருந்தன. போகிற வழியெல்லாம் நிலவில் முத்திரை விழவேண்டும் என்பது ஏற்பாடு. பெங்களூருவின் செயற்கை மண்ணில் முத்திரை விழுந்தது. நிலவில் தெளிவாக விழவில்லை. அந்த இடத்து மண் பொடியாக இல்லாமல் கட்டிகட்டியாக இருந்ததால் அப்படி ஆனது என்று விஞ்ஞானிகள் விளக்கினார்கள். அதில் அவர்களுக்கு வருத்தமில்லை. மண் நினைத்தது போல் இல்லை என்பதே புதுத் தகவல். ஜப்பானின் ஹயபுசா2 கலம் ரியுகு என்ற சிறுகோளுக்குப் போனபோதும் இதே கதை. மென்மையான சமதளம் ஒன்றாவது இருக்கும் என்று போனவர்களுக்குப் பார்த்த இடமெல்லாம் பாறாங்கல். 2018 அக்டோபரில் தொடவேண்டிய தரையை 2019 பிப்ரவரியில்தான் தொட முடிந்தது. பென்னு என்ற சிறுகோளை 2020 அக்டோபரில் தொட்ட அமெரிக்கக் கலத்தின் கை, தடையே இல்லாமல் அரை மீட்டர் உள்ளே இறங்கிப் போனது. இவ்வளவு கணக்குப் போட்டவர்களுக்கே தரை இப்படிக் கைவிரிக்கிறது. அப்புறம் எதற்கு மாடல்காரரின் தடத்தை மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு சோதிக்கவேண்டும்? ரியுகுவுக்கு முன்னால் ஒருவர் பாறை மட்டுமே நிறைந்த சிறுகோள் பேஸ் செய்திருந்தால், மண் எங்கே என்று கேட்டுக் குறை சொல்லியிருப்பார்கள். அவர்தான் சரி.

சந்தவாசலிலிருந்து பார்க்கும் அதே ஜவ்வாது மலையில், காவலூரில், 1968இலிருந்து தொலைநோக்கிகள் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கின்றன. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது அதன் வளையங்களைக் காட்டிக்கொடுத்த வெளிச்சச் சரிவு பதிவான இடங்களில் காவலூரும் ஒன்று. 1988 பிப்ரவரி 17 அன்று ஆர். ராஜமோகன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார்; 4130 ராமானுஜன் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். அதன் தரையை இதுவரை எந்தக் கலமும் பார்த்ததில்லை. ராமானுஜனின் மேற்பரப்பு என்று சொல்லி, அதைக் கண்டுபிடித்த மலையின் அடிவாரக் கல்லையே ஒருவர் பலகையில் ஒட்டினால் தப்பென்று சொல்ல இன்றைய தேதியில் யாராலும் முடியாது. பொருத்தமற்றது என்றும் சொல்லத் தோன்றவில்லை.

ஆனாலும் உறுத்தல் முழுதாகத் தீரவில்லை. இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது. தரை பொய் சொல்லிவிடுமோ என்ற பயத்தைவிட, தரை தன் ஊரை இழந்துவிடுகிறதே என்பது பெரிதாகத் தெரிகிறது. துனீசியாவில் தட்டாவின் என்று ஓர் ஊர் இருக்கிறது. ஸ்டார் வார்ஸின் பாலைவனக் கிரகம் அதன் பெயரை எடுத்துக்கொண்டது. நார்வேயின் ஃபின்சே பனிக்காடு அதே படங்களில் ஹோத் என்ற கிரகம் ஆயிற்று. ஜோர்தானின் வாடி ரம் 'தி மார்ஷன்' படத்தில் செவ்வாயாக நடித்தது. அந்த ஊர்களுக்காவது சுற்றுலாக்காரர்கள் போகிறார்கள், பெயர் வெளியே வருகிறது. சோதனைக்கூட மண்ணுக்கு அதுவும் இல்லை. அமெரிக்காவின் ஜேஎஸ்சி-1 என்ற செயற்கை நிலவு மண் அரிசோனாவின் மெரியம் குழியிலிருந்து வந்த எரிமலைச் சாம்பல். பெயரில் இருப்பது ஜான்சன் விண்வெளி மையம். நாமக்கல் பாறையிலிருந்து செய்ததற்கு எல்எஸ்எஸ்-ஐசாக்-1 என்று பெயர். அதில் இருப்பது பெங்களூருவின் மையம், சித்தம்பூண்டி இல்லை. ஜப்பானியர்கள் மட்டும் தங்கள் மண்ணை எஃப்ஜேஎஸ்-1 என்று குறித்தபோது முதல் எழுத்தை ஃபுஜி மலைக்குக் கொடுத்தார்கள். அலுவலகங்கள் பெயர் வைக்கிறபோது அலுவலகத்தின் பெயரைத்தான் வைக்கும். அதில் சதி ஒன்றும் இல்லை.

படவேட்டில் இதற்கு வேறு வழக்கம் இருக்கிறது. அங்கே பிரசாதமாகத் தரும் திருநீறு, ஜமதக்னி முனிவர் வேள்வி செய்ததாகச் சொல்லப்படும் இடத்தில், ஆனித் திருமஞ்சனத்தன்று தரையிலிருந்து வெட்டி எடுக்கப்படுவது. வெட்டி எடுக்கும்போது அது மண். நெற்றிக்கு வரும்போது புராண காலத்து வேள்விச் சாம்பல். இன்னொரு காலத்தின் வேடத்தை ஏற்றாலும் அது எந்த இடத்து மண் என்பதை வாங்குகிறவர்கள் மறப்பதில்லை. மறந்தால் அதற்கு மதிப்பே இல்லை.

மாடல் கட்டுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பேஸின் அடிப்புறத்தில் பெரும்பாலானவர்கள் தங்கள் பெயரையும் தேதியையும், சிலர் வாங்கிய சாயத்தின் எண்ணையும் எழுதுகிறீர்கள். மேலே எந்தக் கிரகத்தின் பெயர் வேண்டுமானாலும் பொறியுங்கள். அடியில் மண் எடுத்த இடத்தையும் ஒரு வரி எழுதுங்கள்: சந்தவாசல், மலையடிவாரம், டீ வடிகட்டியில் சலித்தது. பலகை விலைக்குப் போனாலும், பரிசாகப் போனாலும் அந்த வரியை அழிக்காதீர்கள்.